கவுத்துப் பிடி

மெழுகுத் தொட்டியில் என் வலது கையை ஆறு தடவை முக்கி எடுத்து, பிளாஸ்டிக் உறை மாட்டி, துவாலையால் சுற்றி மடியில் வைத்துவிட்டு, "இருபது நிமிஷம்மா, அசைக்காதீங்க" என்று நஸ்ரின் அடுத்த ஆளிடம் போய்விட்டாள். சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது. பதினொரு மணிக்கு வருவதாகத் தணிகாசலம் சொல்லியிருக்கிறான். நேற்று மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்ததும் பெயர்கூடச் சொல்லவில்லை, "பிலோ" என்றான். என்னைப் பிலோ என்று கூப்பிட உலகத்தில் வேறு யாரும் இல்லை. அம்மா வீட்டில் மேரி, தையல் கம்பெனியில் பிலோமினாக்கா, வீட்டுக்காரர் எபநேசர் இருந்த வரைக்கும் "ஏம்மா". அதனால் குரல் மாறியிருந்தும் ஆளைத் தெரிந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம். நான் "சொல்லுங்க" என்றேன். "என்ன, மரியாதையெல்லாம் குடுக்கிற" என்றான். சினிமா ஸ்டண்ட் யூனியன் ஆபீசில் நம்பர் வாங்கினானாம். குடியாத்தத்திலிருந்து வருகிறானாம், என்னைப் பார்க்க வேண்டுமாம். ஏன் என்று நான் கேட்கவில்லை, ஏன் என்று அவனும் சொல்லவில்லை. வீட்டுக்கு வா என்று சொல்லியிருக்கலாம். வாயில் ஆஸ்பத்திரி என்றுதான் வந்தது. நாளைக்கு எனக்குக் கைக்கு வைத்தியம் இருக்கு, கே.கே. நகர்ல, பதினொரு மணிக்கு வந்துடு. நாலு பேர் இருக்கிற இடத்தில் அவன் சத்தம் போட மாட்டான் என்று நினைத்தேனா? அவன் எப்போது சத்தம் போட்டிருக்கிறான்? சத்தம் போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மெழுகின் சூடு இப்போது கட்டைவிரலின் அடி மூட்டுக்குள் இறங்குகிறது. அங்கேதான் தேய்ந்திருக்கிறது என்று எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டினாள் நஸ்ரின். "என்ன வேலைம்மா பார்த்தீங்க, இந்த ஒரு மூட்டு மட்டும் இவ்ளோ தேஞ்சிருக்கே?" தையல் கம்பெனி, கத்தரிக்கோல், இருபத்திரண்டு வருஷம் என்றேன். பொய் இல்லை. ஆனால் கத்தரிக்கோலுக்கு முன்னால் கத்தி. சினிமாவில் சண்டை போட்டேன் என்று சொன்னால் அந்தப் பெண் எந்தப் படம் என்று கேட்பாள், கதாநாயகியின் முகத்தைத்தான் அவள் பார்த்திருப்பாள், அந்த ஜடைக்குக் கீழே இருந்த முதுகு என்னுடையது என்று விளக்க வேண்டியிருக்கும். கவுத்துப் பிடி. அப்படித்தான் நாங்கள் சொல்லுவோம். சாதாரணமாகக் கத்தியைப் பிடித்தால் பிளேடு கட்டைவிரல் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், காய் நறுக்குகிற மாதிரி. அது நேர்ப்பிடி. அதையே கவிழ்த்து, பிளேடு சுண்டுவிரல் பக்கம் இறங்கும்படி பிடித்தால் கவுத்துப் பிடி. கட்டைவிரல் கைப்பிடியின் உச்சியில் மூடி மாதிரி உட்காரும். முழு அழுத்தமும் அந்த ஒரு விரலுக்கு. ஆறு வருஷம் காலையில் ரெண்டு மணி நேரம் அப்படி அழுத்திக்கொண்டிருந்தால் மூட்டு வேறென்ன செய்யும். அந்தக் கத்தியைத் தணிகாதான் செய்தான். யூனியனுக்கு வருவதற்கு முன்னால் அம்பத்தூரில் லேத் பட்டறையில் இருந்தவன். கடையில் விற்கிற டம்மிக் கத்தி எனக்கு ஒத்துவரவில்லை, கைப்பிடி உருண்டையாக இருந்தது, வீசும்போது உள்ளங்கைக்குள் திரும்பிவிடும். "உருண்டையா இருந்தா கூர் எந்தப் பக்கம் இருக்குன்னு கைக்கு எப்படித் தெரியும்? பாக்காமலே தெரியணும்" என்று அவன் அலுமினியத்தில் ஒன்று கடைந்து கொண்டுவந்தான். ஏழு அங்குலப் பிளேடு, முனை மழுங்கல். கைப்பிடி இரண்டு பக்கமும் தட்டையாக, முட்டை வடிவத்தில். சுண்டுவிரல் முடிகிற இடத்தில் ஒரு சின்ன மேடு, கை பிளேடு மேல் வழுக்கி இறங்கிவிடாமல். உச்சியில் கட்டைவிரலுக்கு ஒரு குழி. அந்தக் குழியின் அளவை எடுக்கத்தான் முதல் தடவையாக என் கையைப் பிடித்தான். ஸ்கேல் வைத்து அளந்தான். பட்டறை ஆள் மாதிரியேதான் அளந்தான், வேறொன்றும் இல்லை. ஆனால் அளந்து முடித்த பிறகும் விரலை உடனே விடவில்லை. விட்டானா? எண்ணெய் வாசனை அடித்தது ஞாபகம் இருக்கிறது. பட்டறையை விட்டு ரெண்டு வருஷம் ஆகியும் அவன் நகத்திலிருந்து அந்த வாசனை போகவில்லை.

வடபழனியில் யூனியன் கட்டடத்து மொட்டைமாடி. ஆறு மணிக்கு எல்லோருக்கும் முன்னால் நாங்கள் இருவரும் வந்துவிடுவோம். கீழே டீக்கடையில் பாய்லருக்குக் கரி போடுகிற புகை மேலே ஏறி வரும். விழுந்து பழக விரித்திருக்கும் தார்ப்பாய் பனியில் நனைந்து சில்லென்று இருக்கும். அவன் சாக்பீஸால் தரையில் ரெண்டு வட்டம் போடுவான். தான் நிற்கிற இடத்தை நடுவாக வைத்து, சின்ன வட்டம் ஒன்று, பெரிய வட்டம் ஒன்று. "சின்னது கவுத்துப் பிடிக்கு. பெருசு நேர்ப்பிடிக்கு. நடுவுல இருக்கிறது ஒரு சாண். அந்த ஒரு சாண்லதான் நம்ம ரெண்டு பேர் உசிரும் இருக்கு." நேர்ப்பிடியில் கத்தி முனை முஷ்டிக்கு ஒரு சாண் முன்னால் போய்விடும், அதனால் எதிராளி தள்ளி நிற்க வேண்டும். கவுத்துப் பிடியில் பிளேடு முழங்கைப் பக்கமாகத் திரும்பி முன்கையோடு ஒட்டிக்கொள்ளும், எட்டாது. எட்டாததால் ஆள் கிட்டே வர வேண்டும், நெஞ்சுக்கு நெஞ்சு. மணிக்கட்டும் அந்தப் பிடியில் அதிகம் வளையாது, சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் சாயும், அதோடு பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொள்வதால் விரல் வேலை, மணிக்கட்டு வேலை எல்லாம் போய், முழங்கையும் தோளும் விலாப்பக்கத்துத் தசையும்தான் வீச வேண்டும். கயிறு இழுக்கிற மாதிரி, தண்ணீர் இறைக்கிற மாதிரி. முதல் மாதம் நான் மணிக்கட்டைத் திருகித் திருகி வீங்க வைத்துக்கொண்டேன். "மணிக்கட்ட மறந்துடு. கத்தி உன் முழங்கையில முளைச்சிருக்குன்னு நெனச்சுக்க" என்றான். அப்புறம் வந்தது. வந்ததும் அது எவ்வளவு நெருக்கமான விளையாட்டு என்று தெரிந்தது. அவன் என் வீச்சுக்குள்ளேயே புகுந்து வந்து இடது உள்ளங்கையால் என் முன்கையை வாங்குவான், என் எடை முழுக்க அவன் தோளில் இறங்கும், அப்படியே சுழன்று இருவரும் விழுவோம். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. அவன் மூச்சு எப்போது உள்ளே போகும், எப்போது வெளியே வரும் என்று என் காதுக்குத் தெரியும். வெளியில் நாங்கள் ஒன்றும் பேசிக்கொண்டதில்லை. பேச என்ன இருந்தது? காலையில் நாற்பது தடவை ஒருவர் மேல் ஒருவர் நம்பி விழுந்த பிறகு, கீழே போய் டீ குடிக்கும்போது கண்ணைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். அவன் பன்னைப் பிய்த்துப் பெரிய பாதியை என் பக்கம் தள்ளுவான், தெருவைப் பார்த்துக்கொண்டே. எபநேசர் நல்ல மனிதர், பதினெட்டு வருஷம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் உடம்பு ஒருவரை முழுசாக நம்பியது என்றால் அந்த மொட்டைமாடியில்தான், இதை யாரிடம் சொல்வது, நஸ்ரினிடமா?

பத்து நாற்பத்தெட்டு. எதிர் நாற்காலியில் ஒருவர் பச்சை நிறப் பந்தை அமுக்கி அமுக்கி விடுகிறார். நான் வேறு எதையாவது நினைக்கலாம். முடியாது, மனசு ஏற்கெனவே திருநீர்மலைப் பக்கம் அந்தக் கல்குவாரிக்குப் போய்விட்டது, எப்போதும் போல. தொண்ணூற்று மூன்று, மாசி மாதம், சாயங்காலம் ஐந்தரை. மஞ்சள் பாவாடை, சவுரி. மேலே பாறைத் தட்டு. நான் ஓடிவர வேண்டும், விளிம்புக்கு ரெண்டடி முன்னால் தணிகா நிற்பான், கவுத்துப் பிடியில் வீச வேண்டும், அவன் உள்ளே புகுந்து வாங்கி இடது பக்கம் சுழற்றுவான், இடது பக்கம் கீழே மெத்தை. மூன்று தடவை ஒத்திகை பார்த்தாகிவிட்டது. நாலாவதுக்கு முன்னால் அசோசியேட் டைரக்டர் வந்தார். "ஏம்மா, கத்தி எங்க? கையோட ஒட்டிக்கிட்டு ஒண்ணுமே தெரியலையே. வெறும் கை ஆட்டுற மாதிரி இருக்கு. நேரா புடி, பிளேடு பளிச்சுன்னு தெரியட்டும். வெளிச்சம் போகுது." சண்டை மாஸ்டர் அப்பாதுரை அந்தப் பக்கம் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். தணிகா கீழே ரத்தப் பையைச் சட்டைக்குள் ஒட்டிக்கொண்டிருந்தான். "அவன்கிட்டயும் சொல்லிடும்மா" என்றார் அசோசியேட். நான் சரி என்றேன். சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு என்ன செய்தேன்? புரொடக்‌ஷன் ஆள் பன்னீர் சோடா கொண்டுவந்தார், வாங்கிக் குடித்தேன். கேமராமேன் என்னைப் பார்த்து, "தூரத்துல பாத்தா ஹீரோயினே நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். சிரித்தேன். சோடா மூக்கில் ஏறியது. அந்த ரோஜா வாசனை. பிறகு ஓடினேன். மறந்துவிட்டேன் என்றுதான் முதல் பத்து வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. கத்தியைத் திருப்பிப் பிடித்தபோது கட்டைவிரல் அந்தக் குழியைத் தேடியது, இல்லாமல் தடுமாறியது, அப்போது எனக்கு அவன் ஞாபகம் வந்தது. வந்தது. கீழே இருந்து ஏறி வந்துகொண்டிருந்தான், கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வெளிச்சம் போகிறது என்று எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு சாண்தானே, நான் கையைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டால் போதும், சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். ஹீரோயினே நிற்கிற மாதிரி இருக்கிறாளே, அவள் எதையும் சமாளிப்பாள். ஒரு சோடா குடிக்க நேரம் இருந்தது, ஒரு வார்த்தை சொல்ல நேரம் இல்லை. ஓடுகிற வேகத்தில் கையை யாரால் மடக்க முடியும்? உள்ளங்கை என் முன்கையைத் தொடுவதற்கு முன்னால் முனை அவன் இடது தோளுக்கும் கழுத்தெலும்புக்கும் நடுவில் போய்விட்டது. மழுங்கல் முனைதான். ஆனால் என் எடை முழுக்க அதன் பின்னால் இருந்தது. அப்போதும் அவன் என்னைப் பிடித்துச் சுழற்றினான். மெத்தையில்தான் விழுந்தோம். ரத்தப் பையும் உடைந்தது, அதனால் எது எதுவென்று கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

ஆறு தையல். காயம் சின்னது, நரம்பில் பட்டுவிட்டது. இடது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "கால் வழுக்கிடுச்சு, நானே போய் விழுந்துட்டேன்" என்றான். யூனியனிலும் அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். அசோசியேட் ஒன்றும் பேசவில்லை. நானும் ஒன்றும் பேசவில்லை. ரெண்டு தடவை வார்டுக்குப் போனேன், சாத்துக்குடி வாங்கிக்கொண்டு. வாயைத் திறக்கும்போதெல்லாம் அவன் வேறு எதையாவது சொல்லுவான், பக்கத்துப் படுக்கைக்காரர் தூக்கத்தில் பாடுகிறார், இங்கே உப்புமாவில் உப்பே இல்லை. மூன்றாவது தடவை போனபோது படுக்கை காலி, அண்ணன் வந்து ஊருக்குக் கூட்டிப்போய்விட்டாராம். அதற்குப் பிறகு நான் ஒன்றரை வருஷம் சண்டை போட்டேன். புதுப் பார்ட்னர் கெட்டிக்காரன். ஆனால் அவன் மேல் விழும்போது என் உடம்பு கடைசி நொடியில் பிரேக் போடும். மாஸ்டர் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, "பயம் வந்துடுச்சும்மா உனக்கு, பயம் வந்தவங்க இதுல இருக்கக் கூடாது" என்றார். பயம் எனக்காக இல்லை மாஸ்டர் என்று சொல்ல நினைத்தேன். கிண்டியில் தையல் கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். இப்போது அவன் வருகிறான். தெரிந்துவிட்டதோ? அசோசியேட் எங்காவது சொல்லியிருப்பாரோ? ஒரு கை போன வாழ்க்கையை முப்பத்தொரு வருஷம் வாழ்ந்துவிட்டு, அது ஏன் போனது என்று இப்போது கேட்க வருகிறானோ? கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்காவிட்டால்? கேட்காமல் நலம் விசாரித்துவிட்டுப் போய்விட்டால் அதுதான் பெரிய தண்டனை. இல்லை, இந்தத் தடவை சோடா குடிக்கப் போவதில்லை. வந்து உட்கார்ந்ததும் முதல் வார்த்தை அதுதான். முதல் வார்த்தை இல்லாவிட்டாலும் ரெண்டாவது. பத்து ஐம்பத்தாறு. மெழுகு ஆறத் தொடங்கிவிட்டது, உள்ளே விரல்கள் வியர்க்கின்றன, வாசல் பக்கம் யாரோ டோக்கன் எங்கே வாங்க வேண்டும் என்று கேட்கிறார்கள், அந்தக் குரல்.

தலை முழுக்க வெள்ளை. அரைக்கைச் சட்டை, இடது கையின் கட்டைவிரல் சட்டைப் பையில் மாட்டியிருக்கிறது, கை தொங்காமல் இருக்க அப்படி ஒரு பழக்கம் செய்துகொண்டிருக்கிறான் போல. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். துவாலையைப் பார்த்தான்.

"என்ன ஆச்சு கைக்கு?"

"தேஞ்சுபோச்சாம். கட்டைவிரல் மூட்டு."

"அந்தக் குழியக் கொஞ்சம் அகலமா போட்டிருக்கணும் நான்" என்றான்.

அவன் செருமிக்கொண்டு, "பிலோ, நான் ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்" என்று ஆரம்பித்தான்.

"நான் முதல்ல சொல்லிடறேன்" என்றேன். சொன்னேன். அசோசியேட் வந்தது, நேராகப் பிடிக்கச் சொன்னது, நான் சரி என்றது, சோடா, எல்லாவற்றையும். ஞாபகம் வந்தும் சொல்லாமல் ஓடியதையும். அவனைப் பார்க்காமல், எதிரே பந்து அமுக்குகிறவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் அமுக்குவதை நிறுத்திவிட்டார்.

"தெரியும்" என்றான் தணிகா.

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நீ ஓடிவரும்போதே பாத்தேன். பிளேடு முன்னால நீட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் செஞ்ச கத்தி, எனக்குத் தெரியாதா?"

"பாத்தியா? பாத்தா விலகியிருக்க வேண்டியதுதானே?"

"விலகினா நீ எங்க போவ? எனக்குப் பின்னால மெத்தையா இருந்துச்சு? இருபதடிப் பள்ளம், பூரா ஜல்லி. நீ வந்த வேகத்துக்கு என் தோள்தான் உனக்குச் சுவரு. உள்ள வந்தா எங்க படும்னு தெரியும். வந்தேன். யோசிச்சு வரல, யோசிக்க எங்க நேரம்."

முப்பத்தொரு வருஷமாக நான் அந்தப் பாறையில் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் தெரியாமல் நிற்கிற முகம், ஏமாந்த முகம். அவனுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளம். ஆமாம், பள்ளம். காலையில் மாஸ்டர் அதற்கு ஒரு சிவப்புத் துணிகூடக் கட்டிவைத்தார். எனக்குக் கோபம் வந்தது. அழுகை வர வேண்டிய இடத்தில் கோபம்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ தினமும் அதையே நெனச்சுட்டு இருப்பியேன்னு சொல்லல. உனக்காக ஒருத்தன் கை போச்சுன்னு எதுக்கு உன் தலையில வெக்கணும்."

"சொல்லாமலும் தினமும் நெனச்சேன் தணிகா. எனக்காகப் போச்சுன்னு இல்ல, என்னால போச்சுன்னு."

அவன் சட்டைப் பையிலிருந்து கட்டைவிரலை எடுத்து, மறுபடி மாட்டிக்கொண்டான். "இது எனக்குத் தோணவே இல்ல" என்றான், மெதுவாக. "உனக்கு ஞாபகம் இருக்கும்னே நான் நெனைக்கல. நீ மறந்துட்டு நல்லா இருப்பன்னு நெனச்சேன்."

"இப்ப மட்டும் எதுக்கு வந்த?"

"வேலூர்ல டாக்டர் பாத்தாரு. மறதி நோயாம். ஆரம்பமாம். ஒவ்வொண்ணாப் போகும்னாரு. போன வாரம் என் பொண்ணு பேரு வரல, சாப்பாட்டுத் தட்ட வெச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் உக்காந்திருந்தேன்." சாதாரணமாகத்தான் சொன்னான், பஸ் தாமதம் என்கிற மாதிரி. "அன்னிக்கு நான் பாத்துட்டுத்தான் வந்தேன்கிறது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நானும் மறந்துட்டா அது நடக்கவே இல்லைன்னு ஆயிடும். அதான், இருக்கும்போதே உன்கிட்ட குடுத்துடலாம்னு."

நஸ்ரின் வந்து துவாலையைப் பிரித்தாள், உறையைக் கழற்றினாள். மெழுகு கையுறை மாதிரி மொத்தமாகக் கழன்று வந்தது. உள்ளே கை சிவந்து, சுருக்கங்களெல்லாம் ஊறி, வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது. "விரலை மடக்கி விரிங்கம்மா, பத்து தடவை" என்றாள். மடக்கினேன். வலி இல்லை, கொஞ்ச நேரத்துக்கு இருக்காது.

"இன்னொண்ணு" என்றான் தணிகா. "மாடியில ஒரு அடி வரிசை பண்ணுவோமே, வீச்சும் தடுப்புமா பதினாலு. பஸ்ல வரும்போது மனசுக்குள்ள போட்டுப் பாத்தேன். எட்டு வரைக்கும் வருது. ஒன்பது வரல. பத்துல இருந்து வருது. ஒன்பது என்ன பிலோ?"

யோசித்தேன். எனக்கும் வரவில்லை. எண்கள் வந்தன, அசைவு வரவில்லை. முப்பத்தொரு வருஷம் அந்தச் சாயங்காலத்தை மட்டும் அரைத்துக்கொண்டிருந்ததில், அந்தக் காலைகளை நான் எங்கேயோ போட்டுவிட்டேன். எழுந்து நின்றேன். "இரு" என்றேன். "உக்காந்துக்கிட்டு வராது. எழுந்திரு." அவன் எழுந்தான். நாற்காலிகளுக்கும் சுவருக்கும் நடுவில் நாலு அடி இடம் இருந்தது. வெறும் முஷ்டியை மடக்கி, கட்டைவிரலை உச்சியில் மூடி மாதிரி வைத்தேன், ஒன்றிலிருந்து தொடங்கினோம், நாலாவதுக்கு வேண்டிய தூரத்தில் கால் தானாகவே போய் நின்றது. ஐந்து, ஆறு, ஏழு, மெதுவாக, தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி. நஸ்ரின் "அம்மா, என்ன பண்றீங்க" என்றாள். எட்டில் அவன் உள்ளங்கை என் முன்கையில் வந்து நின்றது. அங்கேயே நிறுத்திக்கொண்டு நான் காத்திருந்தேன், என்னவென்று தெரியாமல். அப்புறம் என் முழங்கை மடங்கி மேலே போனது, தோள் அதைப் பின்தொடர்ந்தது, இடுப்பு இடது பக்கம் திரும்பியது.

"குனி" என்றேன்.

அறுபது வயசு ஆள், முட்டியைப் பிடித்துக்கொண்டு, மெல்லக் குனிந்தான். என் கை அவன் தலைக்கு மேலே, அந்த வெள்ளை முடியை உரசாமல், வட்டமாகப் போய் முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு குனிந்திருந்தான். எழுந்தபோது சிரித்தான்.

"பத்து" என்றான், என்னை முந்திக்கொண்டு.